பனையைப் பிடித்த ஆல்: பழைய மென்பொருளைப் புதுப்பிக்கும் ஓர் உவமை மீது விமர்சனம்

மீஞ்சூரிலிருந்து பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குப் போகிற வட்டாரத்தில் பனைக்குக் குறைச்சல் இல்லை. பனை இருக்கிற ஊரில் இன்னொரு காட்சியும் இருக்கும். ஏதோ ஒரு பறவையின் எச்சத்திலிருந்து மட்டை இடுக்கில் ஆலங்கன்று முளைத்து, வேரைக் கீழே இறக்கி, பனையின் உடம்பைச் சுற்றிப் பின்னியிருக்கும். நமக்குப் பழகிப்போன காட்சி. மென்பொருள் உலகத்தில் இதற்கு ஒரு பெயரும், அந்தப் பெயரைச் சுற்றி ஒரு பெரிய ஆலோசனைத் தொழிலும் உண்டு என்பதுதான் பலருக்குத் தெரியாது.

பெயர்: ஸ்ட்ராங்ளர் ஃபிக் பேட்டர்ன். வைத்தவர் மார்ட்டின் ஃபவுலர். 2001-இல் ஆஸ்திரேலியாவின் க்வீன்ஸ்லாந்து காடுகளில் சுற்றியபோது, பெரிய மரங்களைச் சுற்றிப் படர்ந்த அத்தி இன மரங்களைப் பார்த்தார். 2004-இல் அதை வைத்துத் தன் தளத்தில் ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். பழைய மென்பொருளை ஒரே நாளில் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக எழுதாதீர்கள். பழசின் மேலேயே புதுசை முளைக்க விடுங்கள். ஒவ்வொரு வேலையாகப் புதுசுக்கு மாற்றுங்கள். கடைசியில் பழசு தானாகச் செத்துப்போகும். இவ்வளவுதான் சாரம். இன்றைக்கு எந்த நிறுவனத்தில் 'லெகசி மாடர்னைசேஷன்' பற்றிப் பேச்சு வந்தாலும் மூன்றாவது ஸ்லைடில் இந்த மரம் வந்து நிற்கும்.

ஃபவுலரின் யோசனை நல்ல யோசனை. இங்கே என் புகார் உவமை மீது. அது உதவுகிற இடத்தையும் கைவிடுகிற இடத்தையும் பிரித்துப் பார்க்கலாம் என்றுதான் இந்தக் குறிப்பு.

முதலில் அதன் நியாயம்

இந்த உவமை எதற்கு எதிராகப் பிறந்தது என்று தெரியாமல் இதை விமர்சிக்கக் கூடாது. எதிரி: 'எல்லாத்தையும் முதல்ல இருந்து எழுதிடலாம்' என்கிற ஆசை. எந்தப் புரோகிராமருக்கும் அடுத்தவர் எழுதிய கோடைப் பார்த்தால் இது வரும். 2000-இல் ஜோயல் ஸ்போல்ஸ்கி இதைப் பற்றி ஒரு பிரபலமான கட்டுரை எழுதினார். நெட்ஸ்கேப் நிறுவனம் தன் பிரவுசரை அடியிலிருந்து திரும்ப எழுதப் போய், கிட்டத்தட்ட மூன்று வருடம் புதிதாக எதையும் வெளியிட முடியாமல் நின்றது. அந்த இடைவெளியில் சந்தை கைவிட்டுப் போனது.

நம் பக்கத்து உதாரணம் வருமான வரித் தளம். 2019 ஜனவரியில் மத்திய அமைச்சரவை இந்தத் திட்டத்துக்குச் சுமார் 4,242 கோடி ரூபாய் ஒப்புதல் தந்தது. வேலை இன்ஃபோசிஸிடம். ரிட்டர்னைப் பரிசீலிக்கச் சராசரியாக 63 நாள் ஆகிறது, அதை ஒரு நாளாக்குவோம் என்பது இலக்கு. 2021 ஜூன் 1 முதல் 6 வரை பழைய தளத்தை மூடினார்கள். ஜூன் 7 புதுத் தளம் திறந்தது. மறுநாளே நிதியமைச்சர் ட்விட்டரில் இன்ஃபோசிஸையும் நந்தன் நீலேகனியையும் பெயர் சொல்லிக் கேட்கிற நிலை. பழைய ரிட்டர்ன்கள் தெரியவில்லை, டிஜிட்டல் கையெழுத்து ஏறவில்லை என்று பட்டியல் நீண்டது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பத் தேவையான 15சிஏ, 15சிபி படிவங்களை வங்கியில் காகிதமாகவே கொடுக்கலாம் என்று வரித்துறை அறிவித்தது. அதாவது புது சிஸ்டம் வந்த வேகத்தில் காகிதம் திரும்பி வந்தது. ஆகஸ்ட் 21, 22 தேதிகளில் தளம் முழுக்கப் படுத்துக்கொள்ள, 23-ஆம் தேதி இன்ஃபோசிஸ் தலைமை அதிகாரி சலில் பாரேக் அமைச்சகத்துக்கு அழைக்கப்பட்டார். கெடு ஜூலை 31-லிருந்து செப்டம்பர் 30-க்கும், அங்கிருந்து டிசம்பர் 31-க்கும் போனது.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: அந்த டிசம்பர் 31-க்குள் சுமார் 5.89 கோடி ரிட்டர்ன்கள் அதே தளத்தில் தாக்கலாயின. இன்றைக்கு அது ஓடுகிற தளம். ஆனால் ஆறு மாதம் அதைச் சரிசெய்த பரிசோதனைக்கூடம் எது? ஆடிட்டர்களும் வரி கட்டுகிறவர்களும்தான்.

பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி இன்னும் கடுமையான பாடம். முன்பு லாய்ட்ஸ் குழுமத்தில் இருந்த வங்கி. அதன் சர்வர்களிலேயே வாடகைக்கு இருந்த மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பெயினின் சபடெல் வாங்கிய பிறகு, சுமார் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்கை 2018 ஏப்ரலில் ஒரே வாரக் கடைசியில் புது சிஸ்டத்துக்கு மாற்றினார்கள். திங்கட்கிழமை விடிந்தபோது லட்சக்கணக்கானவர்களால் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியவில்லை. உச்சத்தில் 19 லட்சம் பேர் வெளியே நின்றார்கள். செப்டம்பரில் தலைமை அதிகாரி பதவி விலகினார். முழுதாகச் சீராக டிசம்பர் ஆனது. 2022-இல் 4.865 கோடி பவுண்டு அபராதம். 2019-இல் வந்த விசாரணை அறிக்கை முக்கியமாகக் குறை சொன்ன ஒன்று, பெரும்பாலும் ஒரே வீச்சில் மாற்றிவிடும் திட்டத்தை இயக்குநர் குழு போதுமான அளவு கேள்வி கேட்கவில்லை என்பதை.

இப்படிப்பட்ட விபத்துகளைப் பார்த்தவர்களுக்கு 'கொஞ்சம் கொஞ்சமா மாத்து' என்கிற அறிவுரை அமிர்தம். அதுவரைக்கும் ஃபவுலரோடு எனக்குச் சண்டையே இல்லை.

பனை சாகாது

சண்டை தொடங்குகிற இடம் தாவரவியல். க்வீன்ஸ்லாந்து மரமும் நம் பனையும் ஒன்றல்ல.

சாதாரண மரத்தின் தண்டு வருடாவருடம் தடிக்கும். பட்டைக்கு அடியில் வளர்கிற ஒரு திசு அடுக்கு உண்டு. சுற்றிப் பின்னிய வேர்க்கூண்டு அந்தத் தடிப்பைத் தடுத்து நெரிக்கும். மேலே இலை நிழலிட்டு வெளிச்சத்தைப் பறிக்கும். கீழே வேர் போட்டிபோடும். ஒருநாள் உள்ளே இருக்கிற மரம் செத்து மக்கி, நடுவில் வெற்றுக் குழாய் மாதிரி ஆகிவிடும். ஃபவுலரின் உவமை நிற்பது இந்த முடிவின் மேல்தான்.

பனை ஒருவித்திலைத் தாவரம். அதற்கு அந்த வளர்திசு அடுக்கு கிடையாது. நீரையும் உணவையும் கடத்துகிற குழாய்கள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கும். ஆகவே சுற்றி நெரிப்பதால் மட்டும் பனை லேசில் சாகாது. ஆலின் தலைக்கு நடுவிலிருந்து பனையின் தலை எட்டிப் பார்த்துக்கொண்டே பல வருடம் நிற்கும். நிழல் முற்றிலும் மூடினால்தான் அதற்கு ஆபத்து.

நான் பார்த்த அளவில், நம் நாட்டுப் பெரிய மென்பொருள்கள் பெரும்பாலும் பனை ரகம். சுற்றி எவ்வளவு புதுசு முளைத்தாலும் பழசு சாவதில்லை.

ரயில்வே முன்பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். 1985-இல் டெல்லியில் சோதனையாகத் தொடங்கியது. பிறகு கல்கத்தா, பம்பாய், சென்னை, செகந்திராபாத் என்று தனித்தனி மையங்கள். 1999-இல் ஐந்து மையங்களும் இணைந்து, எந்த ஊர் கவுண்டரிலிருந்தும் எந்த ஊர் டிக்கெட்டும் எடுக்கலாம் என்றானது. 2002 ஆகஸ்டில் ஐஆர்சிடிசி இணையத்தில் டிக்கெட் விற்க ஆரம்பித்தது. 2014-இல் அதன் புதுத் தலைமுறைத் தளம். பிறகு மொபைல் ஆப். அத்தனையும் ஆலம் இலைகள். நீங்கள் ஆப்பில் பட்டனை அமுக்கியதும் கேள்வி போய்ச் சேர்கிற இடம் பழைய முன்பதிவு சிஸ்டம்தான். இப்போதுள்ள வடிவம் 2010-இல் நிறுவப்பட்டது, இட்டானியம் சர்வர்களிலும் ஓபன்விஎம்எஸ் இயங்குதளத்திலும் ஓடுகிறது என்று 2025-இல் அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. ஓபன்விஎம்எஸ்ஸின் வேர் 1970-களில் இருக்கிறது. இட்டானியம் சிப்பை இன்டெல் அனுப்புவதையே நிறுத்திவிட்டது.

ஆனாலும் அந்தப் பனை நிமிடத்துக்கு 32,000 டிக்கெட் வரை போட்டுக்கொண்டிருந்தது. அதை 1.5 லட்சத்துக்கு மேல் உயர்த்தும் புது சிஸ்டம் வரும் என்று 2025 ஜூனில் ரயில்வே அறிவித்தது. அடுத்த மாதமே, ஜூலை 1 முதல், ஆதார் சரிபார்த்த கணக்குக்குத்தான் இணையத்தில் தட்கல் என்று விதி மாறியது. சார்ட் தயாரிக்கும் நேரமும் புறப்பாட்டுக்கு நான்கு மணி நேரம் முன்பு என்பதிலிருந்து எட்டு மணி நேரம் முன்பு என்று மாறியது. புதுசைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே பழசில் புது விதி ஏறுகிறது. இந்த இரட்டை வேலையை உவமை சொல்வதே இல்லை. காட்டில் ஆல் வளர்கிற வரைக்கும் பனை புது மட்டை விடாமல் காத்திருக்குமா என்ன?

நிலப் பதிவு இதே கதையின் இன்னொரு முகம். தமிழ்நாடு பதிவுத்துறையில் 2000-களில் ஸ்டார் திட்டம், 2018 பிப்ரவரியில் ஸ்டார் 2.0. வில்லங்கச் சான்றிதழை வீட்டிலிருந்தே பார்க்க முடிவது உண்மையிலேயே பெரிய வசதி, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கணினியில் ஏறிய காலத்துக்கு முந்தைய பதிவு வேண்டுமென்றால், பல அலுவலகங்களில் இன்றும் கையால் புத்தகம் புரட்டித் தேட மனுப்போட வேண்டியதுதான். மீஞ்சூர், பொன்னேரி பக்கம் அனல்மின் நிலையம், துறைமுகம், வெளிவட்டச் சாலை என்று நிலத்துக்கு வேலை வந்துகொண்டே இருக்கிற வட்டாரம். இங்கே வழக்கு என்று வந்தால் கேட்கப்படுவது தாத்தா காலத்துப் பத்திரம்தான். சுலபமான எண்பது சதவீதம் புதுசுக்குப் போனது; சண்டைக்குரிய இருபது சதவீதம் பழசிலேயே தங்கிவிட்டது என்று தோராயமாகச் சொல்லலாம்.

காரணம் தொழில்நுட்பம் இல்லை, பணம். புதுசைத் திறந்து வைக்க விழா உண்டு. பழசை மூடி வைக்க விழா இல்லை. ஒப்பந்தத்தில் 'கோ-லைவ்' தேதிக்குப் பணம் உண்டு. கடைசியாக மிச்சமிருக்கிற பழைய அறையைக் காலி செய்வதற்குத் தனியாக ஒரு வரி எழுதியிருக்கிற டெண்டரைப் பார்ப்பது அபூர்வம். ஆகவே 'பழசு தானா செத்துடும்' என்கிற ஃபவுலரின் கடைசி வரி இங்கே நடப்பதில்லை. தானாக எதுவும் சாகாது. யாராவது நாள் குறிக்க வேண்டும்.

உவமைக்காக வாதாடுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2013-இல் ஒஸ்வால்ட் புயல் க்வீன்ஸ்லாந்தை அடித்த பிறகு அங்கே ஆய்வு செய்தவர்கள், அத்தி சுற்றியிருந்த மரங்கள் அவ்வளவாக வேரோடு சாயவில்லை என்று கண்டார்கள். சுற்றியிருக்கிறவன் எப்போதும் கொலைகாரன் இல்லை, சிலநேரம் முட்டுக்கொடுக்கிறவனும்தான். ஐஆர்சிடிசி இவ்வளவு காலம் முன்பதிவு சிஸ்டத்துக்குச் செய்தது அதுவே. 'பழசைக் கொல்வது' என்று தொடங்காமல் 'இரண்டும் எத்தனை வருடம் சேர்ந்து நிற்கப் போகின்றன, அதற்கான செலவு யாருடையது' என்று தொடங்கினால் பாதித் திட்டங்கள் நேர்மையாக இருக்கும்.

கோடில் இல்லாத அறிவு

இரண்டாவது குறை இதைவிட ஆழமானது. எங்கே வெட்டுவது, எப்படி மாற்றுவது என்று இந்த முறை சொல்கிறது. பழசுக்கு என்ன தெரியும் என்று கேட்கச் சொல்லவில்லை.

1985-இல் டென்மார்க்கின் பீட்டர் நௌர், புரோகிராம் எழுதுவது என்பது ஒரு கோட்பாட்டைக் கட்டுவது என்று ஒரு கட்டுரை எழுதினார். கோடு வெறும் மிச்சம். அதை எழுதியவர்களின் மனதில் இருக்கிற புரிதல்தான் உண்மையான புரோகிராம். அந்தக் குழு கலைந்துவிட்டால், ஆவணத்தை மட்டும் படித்து அதைத் திரும்ப உயிர்ப்பிக்க முடியாது என்றார். அவர் அடுத்துச் சொன்னதுதான் சுவாரஸ்யம்: அந்த நிலையில் பழைய கோடைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதுக் குழு புதிதாகவே தீர்வு காண்பது மேல். அதாவது ஸ்போல்ஸ்கிக்கு நேர் எதிர்.

நௌரோடு பாதி உடன்படுகிறேன். அறிவு கோடில் இல்லை என்பது சரி. ஆனால் வியாபார, அரசு மென்பொருளில் அது புரோகிராமர் மனதில் மட்டும் இருப்பதில்லை. கவுண்டர் கிளார்க்கிடம், ரேஷன் கடைக்காரரிடம், வரிசையில் நிற்கிறவரிடம் பரவிக் கிடக்கிறது. குழு கலைந்தாலும் அவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

இதற்குப் பழவேற்காட்டில் மென்பொருளே இல்லாத ஓர் உதாரணம் இருக்கிறது. ஏரியில் இறால் பிடிக்கிற 'பாடு' முறை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் சமூகத்து மீனவர்கள், எந்த இடத்தில் எந்த நாளில் யார் சுத்துவலை கட்டலாம் என்பதைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வது. உரிமை தலைக்கட்டுக்கு. தலைக்கட்டு என்றால் பொதுவாகக் கல்யாணமான ஆண்.

இதை 'டிஜிட்டல்' ஆக்க ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். நோட்டுப் புத்தகத்தைப் பார்ப்பார். தேதி, இடம், குழு: மூன்று காலம் உள்ள ஓர் அட்டவணை. ஒரு மாலையில் ஆப் ரெடி. ஆனால் ஏன் முறை சுற்றுகிறது? ஏரியின் எல்லா இடமும் ஒன்றல்ல. முகத்துவாரத்தை மணல் அடைத்தால் ஓட்டம் மாறும், உப்பு மாறும், இறால் வரும் இடம் மாறும். நல்ல இடத்தின் அதிர்ஷ்டத்தையும் கெட்ட இடத்தின் நஷ்டத்தையும் எல்லாத் தலையிலும் சமமாகப் போடுவதற்குத்தான் சுழற்சி. வந்தவர் 'திறமையா' யோசித்து, அதிகம் பிடிக்கிற குழுவுக்கு அதிகம் பிடிபடுகிற இடம் என்று அல்காரிதம் எழுதினால் மொத்தப் பிடிப்பு கூடலாம். ஊர் ரெண்டாகும். விதியின் காரணம் நோட்டில் எழுதப்படவில்லை, ஏனென்றால் அதை அறியாதவர் யாரும் அந்த நோட்டை இதுவரை திறந்ததில்லை.

இந்த இடத்தில் நிறுத்தினால் 'பழசெல்லாம் ஞானம்' என்கிற பாட்டாக முடிந்துவிடும். அது பாதி உண்மை. பாடு முறை பங்கிடுகிறது. அதே கையால் விலக்கவும் செய்கிறது. அந்த ஊர், அந்தச் சமூகம் இல்லாதவர்களுக்கு அந்த இடங்களில் உரிமை கிடையாது. இருளர்கள் இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். அவர்களுக்குச் சீட்டு இல்லை. தலைக்கட்டு ஆண் என்பதால், கணவனை இழந்த பெண் பட்டியலில் தனியாக இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரையில் பல இடங்களில் நிவாரணம் ஊர்ப் பஞ்சாயத்துப் பட்டியல்களின் வழியே போனபோது, பெண்கள் தலைமையிலான குடும்பங்கள் விடுபட்டதை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். அந்தப் பட்டியல் 'சரியாகத்தான்' வேலை செய்தது. தன் விதிப்படி.

மென்பொருள் புதுப்பிப்பில் இதுதான் எனக்கு மிக முக்கியமான கேள்வி. மைக்கேல் ஃபெதர்ஸ் 2004-இல் எழுதிய புகழ்பெற்ற புத்தகத்தில், டெஸ்ட் இல்லாத கோடே லெகசி கோடு என்று சுருக்கமாக வரையறுத்தார். மாற்றுவதற்கு முன்னால், பழைய கோடு இப்போது என்ன செய்கிறதோ அதை அப்படியே பதிவுசெய்கிற டெஸ்டுகளை எழுது என்றார். கைவினைஞனுக்கு அருமையான அறிவுரை. ஆனால் அந்த டெஸ்ட் 'விதவைக்குப் பூஜ்யம்' என்பதையும் பச்சை விளக்கோடு பாஸ் பண்ணும். எது தற்செயலாகப் புகுந்த தவறு, எது யோசித்து வைத்த விதி, எது யோசித்தே வைத்த அநியாயம் என்று டெஸ்டுக்குத் தெரியாது. இப்போது பழைய கோபால் கோடைப் படித்துப் புது மொழியில் எழுதித்தருகிற ஏஐ கருவிகள் வந்துவிட்டன. வேலை வேகமாகும், சந்தேகமே இல்லை. ஆனால் அவை படிப்பதும் அதே நோட்டுப் புத்தகத்தைத்தான்.

அலகு மாறும்போது யார் தவறிப்போகிறார்கள்

ஒரு மீனவக் குடும்பத்தை மூன்று பதிவுகள் எப்படிப் பார்க்கின்றன என்று பாருங்கள். பாடு நோட்டில் அலகு தலைக்கட்டு. ரேஷன் பதிவில் அலகு குடும்ப அட்டை. ஆதாரில் அலகு தனி ஆள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்குத் தமிழக அரசு தருகிற நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். 'குடும்பம்' என்றால் எந்த அலகு? ஒரே அட்டையில் கல்யாணமான இரண்டு மகன்கள் இருந்தால்? இதைத் தீர்மானிக்கிற ஒரு வரி கோடு எங்கோ இருக்கும். அதை எழுதியவர் தான் கொள்கை முடிவு எடுக்கிறோம் என்று நினைத்திருக்கவே மாட்டார்.

பெயர் இன்னும் எளிய உதாரணம். நம் ஆளுக்கு இனிஷியலும் பெயரும் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. பழைய பதிவேட்டில் 'கோ. ஏழுமலை' என்று நிம்மதியாக இருப்பார். பான் படிவம் கடைசிப் பெயர் கேட்கும், இனிஷியல் ஆகாது என்கும். அப்பா பெயரை அங்கே போடுவார். இன்னொரு பதிவில் இனிஷியல் பின்னால் போகும். பிறகு ஒருநாள் பான்-ஆதார் இணைப்பு என்று வந்து, இரண்டும் பொருந்தவில்லை என்று சொல்லும். அவர் பொய் எதுவும் சொல்லவில்லை. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி போட்ட யாரோ ஒருவருக்குத் தமிழ்ப் பெயர் எப்படி இருக்கும் என்று தெரியாது. பழைய காகிதப் பதிவேட்டில் ஒரே நீளக் கோடு இருந்தது. அதில் எந்தப் பெயரும் அடங்கும். அந்த 'அநாகரிகமான' கோட்டுக்கு இருந்த அறிவு புதுசில் தொலைந்துபோனது.

இப்படிப் பொருந்தாமல் போகும்போது அதைச் சரிசெய்கிற வேலை யாருடையது? எப்போதும் அந்த ஏழுமலையுடையது. ஒருநாள் கடலுக்குப் போகாமல், இ-சேவை மையத்தில் டோக்கன் வாங்கி உட்கார வேண்டும். டிஎஸ்பி வங்கி அபராதம் கட்டியது, வாடிக்கையாளர்களுக்கு இழப்பீடும் கொடுத்தது. நம் ஊர்த் திட்டங்களில் பயனாளி இழந்த நாள்கூலிக்கு எந்தக் கணக்கிலும் தலைப்பு இல்லை. திட்டச் செலவில் வராததால் திட்டம் லாபமாகத் தெரிகிறது.

அப்போ என்னதான் செய்யறது?

விமர்சனம் பண்ணிவிட்டு நழுவுவது சரியில்லை. படிப்படியான மாற்றம்தான் இப்போதைக்கு நம்மிடம் இருப்பதில் நல்ல வழி. அந்த மரத்தை ஸ்லைடில் வைக்கிறவர்களிடம் மூன்று கேள்வி கேட்கலாம்.

ஒன்று, பழசின் கடைசித் துண்டு எந்தத் தேதியில் அணையும், அதற்கு எவ்வளவு பணம் ஒதுக்கியிருக்கிறீர்கள்? தேதி இல்லை என்றால் அது மாற்றம் இல்லை, கூடுதல் அடுக்கு. கூடுதல் அடுக்கு தவறில்லை. அதை அந்தப் பெயரிலேயே சொல்லி, இரண்டையும் பராமரிக்க ஆள் வையுங்கள்.

இரண்டு, ஒவ்வொரு பழைய விதிக்கும் காரணம் சொல்லக்கூடியவர் யார், அவரிடம் பேசினீர்களா? காரணம் கிடைத்த விதியைக் காரணத்தோடு எழுதுங்கள். கிடைக்காத விதியை 'காரணம் தெரியவில்லை' என்று குறியிட்டுக் கொண்டுபோங்கள். அநியாயம் என்று தெரிந்த விதியை, கோடில் ஓசையில்லாமல் திருத்தவும் வேண்டாம், ஓசையில்லாமல் நகலெடுக்கவும் வேண்டாம். முடிவெடுக்க அதிகாரம் உள்ளவர் மேசைக்குக் கொண்டுபோங்கள்.

மூன்று, பழசும் புதுசும் முரண்பட்டால் அதுவரை எது செல்லும்? என் பதில்: பயனாளிக்குச் சாதகமானது. பெயர் பொருந்தவில்லை என்றால் நிவாரணம் நிற்கக் கூடாது. முதலில் பணம் போகட்டும், பொருத்துகிற வேலையை அலுவலகம் பிறகு செய்யட்டும். அப்படிச் செய்தால் சில தவறான ஆளுக்கும் பணம் போகும். அந்த நஷ்டம் திட்டத்தின் கணக்கில் கண்ணுக்குத் தெரியும். தெரிவதால் சீக்கிரம் சரிசெய்வார்கள். இப்போது நடப்பதில் நஷ்டம் ஏழுமலையின் கணக்கில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது, அதனால் அவசரப்பட யாருக்கும் காரணம் இல்லை.

மூன்றுமே தொழில்நுட்பக் கேள்விகள் இல்லை. புரோகிராமர்களிடம் மட்டும் கேட்டுப் பயனும் இல்லை. கேட்க வேண்டிய இடம் டெண்டர் எழுதுகிற மேசை. அடுத்த முறை ஏதாவது ஒரு துறை '3.0' என்று அறிவிக்கும்போது, புதுத் திரை எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், அந்த டெண்டர் ஆவணத்தை இறக்கி இந்த மூன்றுக்கும் பதில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் பொதுவெளியில் கிடைக்கிற ஆவணம்தான்.